தமிழ் நிரல்மொழிக்கு ஓர் உரைகல்: மொழிபெயர்ப்பியைத் தன்னியக்கமாகச் சோதித்தல்

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில் கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்தால் அலவத்துகொடவை அடையலாம். இவ்வூரில் தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவி ஒருத்தி, தமிழ்க் கட்டளைச் சொற்களால் அமைந்த நிரல்மொழியொன்றில் தன் முதலாவது நிரலை எழுதுகிறாள் எனக் கொள்வோம். நிரல் சரியானது, ஆயின் விடை பிழையாக வருகின்றது. அவள் தன்னையே ஐயுறுவாள். தொடக்க மாணவர் கருவியை ஐயுறுவது அரிது. கருவியின் தவறுக்கு மாணவி பழிசுமப்பதைத் தடுப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இது வெறுங் கற்பனையன்று. இலங்கையின் உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் மொழி இடம்பெறுகின்றது. விளக்கங்கள் தமிழிலிருப்பினும் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே. இந்நிலையை மாற்றும் முயற்சிகளுள் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ குறிப்பிடத்தக்கது. 2009ஆம் ஆண்டில் இதுபற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பதிப்பி, ஆனால், இல்லை, முடி, நிரல்பாகம், பின்கொடு என்பன அதன் கட்டளைச் சொற்கள். அதன் மொழிபெயர்ப்பி பைதனில் எழுதப்பட்டது. நிரலை வாசித்துப் பொருள்கொண்டு, அப்பொழுதே நிறைவேற்றும் மென்பொருளையே இங்கு மொழிபெயர்ப்பி என்கிறோம்.

மொழிபெயர்ப்பியின் பணி மூன்று படிகளைக் கொண்டது: எழுத்துத் தொடரைச் சொற்களாகப் பிரித்தல், சொற்களை இலக்கண அமைப்பாக்குதல், அவ்வமைப்பை நிறைவேற்றுதல். இவை ஒன்றையொன்று சார்ந்தவை. ஆதலால் ஓரிடத்தில் செய்த திருத்தம் தொலைவிலுள்ள பிறிதோரிடத்தைப் பழுதாக்கலாம். மொழிபெயர்ப்பியைத் தாங்கும் மொழி மாறுவதாலும் பழுது நேரலாம். பைதனின் இரண்டாம் பதிப்பில் 7ஐ 2ஆல் வகுத்தால் முழுவெண்ணாகிய 3 கிடைத்தது; மூன்றாம் பதிப்பில் 3.5 கிடைக்கின்றது. வகுத்தலைப் பைதனிடமே விட்டுவிட்ட மொழிபெயர்ப்பியில், ஒரு வரியும் மாற்றப்படாமலே விடை மாறிவிடும். ஒவ்வொரு மாற்றத்தின் பின்பும் நூற்றுக்கணக்கான நிரல்களைக் கையால் இயக்கிப் பார்ப்பது இயலாது. எனவே அப்பணியை இயந்திரத்திடமே ஒப்படைத்தல் வேண்டும்.

சோதனை இயக்கியின் அமைப்பு எளியது. ஒவ்வொரு சோதனையும் ஒரு சிறு நிரல். வரவேண்டிய விடை அந்நிரலிலேயே குறிப்புரையாக எழுதப்படும். ‘பதிப்பி 2 + 3’ என்னும் வரியின் கீழ் ‘# எதிர்பார்ப்பு: 5’ என அமையும். ரொபர்ட் நைஸ்ட்ரம் தமது லொக்ஸ் மொழிக்கும் இம்முறையையே கையாண்டுள்ளார். நிரலும் விடையும் ஒரே கோப்பில் இருப்பதால், படிப்பவர் மொழியின் நடத்தையையும் அறிந்துகொள்வார்.

இயக்கி கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, மொழிபெயர்ப்பியைத் தனிச் செயன்முறையாகத் தொடக்கும். ஒரு சோதனையில் மொழிபெயர்ப்பி நிலைகுலைந்தாலும் ஏனையவை தொடரவேண்டும் என்பதே இதன் காரணம். முடிவுறாச் சுழற்சியில் சிக்கிய நிரலை நிறுத்தக் கால எல்லை ஒன்று தேவை. பின்னர் வெளியீடு எதிர்பார்ப்புடன் வரிக்கு வரி ஒப்பிடப்படும். பிழையான நிரல்களும் சோதனையில் இடம்பெறவேண்டும்: ‘முடி’ என்ற சொல் விடுபட்டால் உரிய வரியெண்ணுடன் பிழைச்செய்தி வருகின்றதா என்பது, சரியான விடை வருவதைப் போன்றே முக்கியமானது.

தமிழுக்கெனத் தனிச் சோதனைகளும் உள. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ‘கொடை’ என்ற மாறியை ஒரு முறையில் அறிவித்து மற்றைய முறையில் பயன்படுத்தினால், குறிகளை ஒருமைப்படுத்தாத மொழிபெயர்ப்பி “அறியாத பெயர்” என்று மறுத்துவிடும். எனவே இரு வடிவங்களையும் கொண்ட சோதனை இன்றியமையாதது. ‘ஔ’ என்னும் எழுத்தும் ‘ஒ’, ‘ள’ என்னும் ஈரெழுத்துகளும் கண்ணுக்கு ஒத்திருப்பினும் ஒருமைப்படுத்தலால் ஒன்றாகா. அங்கு தெளிவான பிழைச்செய்தியே மாணவர்க்கு உதவும்.

இன்னொரு வினா ஆழமானது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு? ஒருங்குறிக் கணக்கில் ஐந்து. தமிழ் இலக்கணக் கணக்கில் மூன்று. எதனை எதிர்பார்ப்பாக எழுதுவது என்பதை இயந்திரம் தீர்மானிக்க முடியாது. சோதனை எழுதுதல் என்பது மொழியின் பொருளை வரையறுத்தலேயாம்.

எதிர்பார்ப்பை எழுதுவோரும் தவறலாம். 1964இல் டொனால்ட் குனூத், அல்கோல் 60 மொழியின் தொகுப்பிகள் தன்னையே மீள அழைக்கும் செயல்களைச் சரியாகக் கையாள்கின்றனவா என அறியச் சிறு நிரலொன்றை வெளியிட்டார். அதன் விடை −121 ஆகலாம் என அவர் ஊகித்தார். சரியான விடை −67. சோதனை தோற்றால் முதலில் மொழிபெயர்ப்பியையும், பின் எதிர்பார்ப்பையும் ஆராய்வதே நெறி. வெளியீட்டை அப்படியே எதிர்பார்ப்பாகப் படியெடுத்தல் பிழையைச் சட்டமாக்குவதாகும்.

இயக்கியையும் சோதித்தல் வேண்டும். வேண்டுமென்றே பிழையான எதிர்பார்ப்பொன்றைக் கொடுத்து அது தோல்வியை அறிவிக்கின்றதா எனப் பார்க்கலாம். ஒரு சோதனையையும் கண்டெடுக்காத நிலையில் “அனைத்தும் வெற்றி” எனக் கூறும் இயக்கி, இயக்கி இல்லாமையிலும் தீயது. எல்லாச் சோதனைகளும் வென்றாலும் பிழையே இல்லையென்று கூறவியலாது. அறிந்த பிழைகள் திரும்பவில்லை என்றே கூறலாம்.

1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் சட்டத்தின் ஏற்பு வேறு, அன்றாட வழக்கில் நம்பிக்கை பெறுதல் வேறு. தமிழில் நிரல் எழுதலாம் என்று மேடையில் முழங்குவதால் மட்டும் அலவத்துகொட மாணவிக்கு நன்மை விளையாது. அவள் எழுதிய சரியான நிரலுக்குச் சரியான விடை ஒவ்வொரு நாளும் வருதல் வேண்டும். ஆரவாரமற்ற இவ்வுழைப்பே மொழிப்பற்றின் மெய்யான வடிவம் எனலாம்.