ரோபோவுக்கு ஏன் இரண்டு கண்?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்க. தடுமாறும்! தொட்டியில் குவிந்த பாகங்களை எடுக்கும் ரோபோவுக்கும் அதே பாடுதான். எனவே 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கேமரா. குவியத் தூரம் 800 பிக்சல் என்றால், 1 மீட்டரில் உள்ள பாகம் இரு படங்களிலும் 80 பிக்சல் தள்ளித் தெரியும். 800 x 10 / 80 = 100 செ.மீ. ஒரு பிக்சல் தவறினால் சுமார் 1.25 செ.மீ. பிழை, 2 மீட்டரிலோ 5 செ.மீ.

பளபளக்கும் பாகம்தான் பெரிய தலைவலி. மாட வீதிப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தை இடக்கண்ணால், பிறகு வலக்கண்ணால் பாருங்க. மினுக்கம் இடம் மாறும். கேமரா அதை நம்பினால் பரப்பு உள்ளே தள்ளி இருப்பதாகக் கணக்கு வரும். கிரிப்பர் போய் முட்டும். பெங்களூரில் 2019-ல் தொடங்கிய சின்லர் கம்பெனி இந்தத் தலைவலியைத்தான் கையில் எடுத்திருக்கிறது.