கிரயத்துக்கு முன் மண்ணைப் பாருங்கள்

குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் நிலம் வாங்கும் விவசாயிகள் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் தவறாமல் பார்க்கிறார்கள். மண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. நம்மிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் பத்திரம் பதிந்த பிறகே மண் மாதிரியுடன் வருகின்றனர். அப்போது முடிவு எப்படி வந்தாலும் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க இயலாது. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

குடைவரைக் கோயில் உள்ள ஊர் இது. பாறை அதிக ஆழத்தில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. மேலே ஒரே செம்மண்ணாகத் தெரியும் நிலத்தில் ஓரிடத்தில் நாலடி மண் இருக்கும். ஐம்பது அடி தள்ளி அரை அடியில் பாறை தட்டும். ஆகவே மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். ஓரடிக்குக் கீழே கடப்பாரை இறங்க மறுத்தால் அது பாறைதான் என்று எண்ணிவிட வேண்டாம். இறுகிப்போன மண் அடுக்காகவும் இருக்கலாம். அதை உளிக்கலப்பை கொண்டு அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் உழுது உடைத்துவிடலாம். மழைக்குப் பின் மேல்மண் ஓடுபோல் இறுகினால் எக்டேருக்கு 12.5 டன் மக்கிய தென்னை நார்க்கழிவு இடலாம். இவையெல்லாம் விலையைக் குறைத்துக் கேட்பதற்கான காரணங்களே தவிர, நிலத்தை வேண்டாம் என்று சொல்வதற்கானவை அல்ல.

கழிவு கலந்த நிலத்தின் கதை வேறு. அந்தக் கெடுதல் பெரும்பாலும் வரப்புக்கு வெளியிலிருந்து வருவது. எனவே குழி எடுத்த கையோடு, வரத்து வாய்க்காலைப் பிடித்து மேல்முகமாக ஒரு மைல் நடந்து பாருங்கள். ஆலை, கோழிப்பண்ணை, குப்பை கொட்டும் இடம், கல் குவாரி எதுவும் உண்டா? கிணற்று நீரில் நுரையோ நிறமோ நாற்றமோ உண்டா? கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய அடங்கலைக் கேளுங்கள். பக்கத்து நிலங்களில் பயிர் இருக்க, இது மட்டும் பல பசலியாகத் தரிசு என்றால் காரணத்தை விசாரித்தே ஆக வேண்டும்.

இது வீண் அச்சமன்று. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 தோல் பதனிடும் ஆலைக் கழிவால் கெட்டிருந்தன. தோல் ஆலைகள் உள்ள பகுதிகளில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக நமது பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலைய ஆய்வு கூறியது. இவ்விரண்டையும் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பிலேயே குறிப்பிட்டுள்ளது. கழிவை விட்டவர் ஒருவர். கிணற்றை இழந்தவர் மற்றொருவர்.

மண் மாதிரிக்கு 10 அல்லது 15 இடங்களில் அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, ஓரமாகச் சுரண்டிய மண்ணைக் கலந்து, கால் பங்கீட்டு முறையில் அரை கிலோவாகக் குறைக்க வேண்டும். உப்பு சந்தேகமிருந்தால் மூன்றடி வரை அடுக்கு அடுக்காகத் தனித்தனியே எடுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு, அதே நீரில் கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் நீர் பிடியுங்கள். மண்ணின் கார அமில நிலை 8.5-க்கு மேலும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 3-க்கு மேலும் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வழக்கமான மண் பரிசோதனையில் குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களைப் பார்ப்பதில்லை. மேலே ஆலை இருந்தால் அதற்கெனத் தனியாகக் கேட்க வேண்டும். வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் எங்கு அனுப்புவது என்று சொல்வார்கள்.

முடிவு வரும்வரை வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அந்த மண்ணை மூன்று சட்டியிலும், நன்றாக விளையும் உங்கள் வயல் மண்ணை மூன்று சட்டியிலும் நிரப்பி, சட்டிக்குப் பத்து பாசிப்பயறு விதையுங்கள். முதல் மூன்றுக்கு அந்தக் கிணற்று நீர், மற்றவற்றுக்கு உங்கள் கிணற்று நீர். பதினைந்து நாளில் முளைப்பிலும் இலை நுனியிலும் வித்தியாசம் தெரிந்துவிடும். மழைக் காலத்தில் உப்பு கரைந்து மறைந்திருக்கும் என்பதால், நீர் மாதிரியைச் சித்திரை, வைகாசியில் எடுப்பதே சரி.