குழலுக்குள் ஒரு தாள் கனம்

இன்றைய லேத் இயந்திரங்கள் இல்லாத காலத்தில் துப்பாக்கிக் குழலுக்குள் சுழல் பள்ளம் எப்படி வெட்டினார்கள் என்று திண்டுக்கல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு மிகப் பிடித்த கேள்வி. இதற்கான பதில் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரப் பட்டறைகளில் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் அங்கே குடியேறிய கொல்லர்கள், தங்கள் ஊரின் குட்டை வேட்டைத் துப்பாக்கியை நீளமாக்கி, மெலிதாக்கினார்கள். ஜேக்கப் டிக்கர்ட் அவர்களில் பேர்பெற்றவர். குழல் மட்டுமே பெரும்பாலும் மூன்றரை அடிக்குக் குறையாது. பட்டை இரும்பைக் கம்பியின் மேல் வளைத்து, உலையில் காய்ச்சி, சில அங்குலங்களாக அடித்து ஒட்டுவார்கள். பிறகு துளையைக் குடைந்து சீராக்குவார்கள்.

அதற்கப்புறம்தான் அதிசயம். நீண்ட பலகையின் மேல், திருகுபோல வரி வெட்டிய ஒரு மர உருளை. எங்கள் வீட்டு முறுக்கு உழக்கின் பித்தளைத் திருகு சுழன்றபடியே இறங்குமே, அதுபோல இந்த உருளையும் இழுக்க இழுக்கச் சுழன்றபடியே வரும். அதோடு இணைத்த கம்பின் நுனியில் ரம்பப் பல் வைத்த சின்ன எஃகுத் துண்டு. அது குழலுக்குள் துளித் துளியாகச் சுரண்டும். நாலடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று. பெரும்பாலும் ஏழு பள்ளங்கள். எல்லாப் பள்ளத்திலும் ஓட்டி முடித்து, பல் இனிக் கடிக்காது என்றானதும், கொல்லர் அதைக் கழற்றி அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகுவார். அந்தக் கனத்துக்குப் பல் எழும்பும், மறுபடி வெட்டும். இன்னொரு காகிதம், இன்னொரு சுற்று. குண்டு சுழன்றபடி நேராகப் பாய்வது இந்தப் பள்ளங்களால்தான்.

ஒரு குழலின் துளை இன்னொன்றைப்போல இராது. ஆகவே ஒவ்வொரு துப்பாக்கியோடும் அதற்கே உரிய ஈயக்குண்டு அச்சையும் கொல்லர் கொடுப்பார். பள்ளம் தேய்ந்தால் குழலைத் தூக்கி எறிய மாட்டார்கள். மீண்டும் ஆழமாக வெட்டி, சற்றுப் பெரிய அச்சு ஒன்று செய்துகொள்வார்கள். பழுது பார்ப்பதுதான் கிராமக் கொல்லரின் அன்றாடப் பிழைப்பு.

அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் பித்தளை வேலைப்பாட்டின் மேலும் மேப்பிள் கட்டையின் மேலும்தான் விளக்கு விழுகிறது. எந்தப் போரில் யார் சுட்டார் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், செய்த கையைப் பற்றி இரண்டு வரி எழுதினால் குறைந்தா போய்விடும்? காகிதச் சீவலால் அளவு பார்த்த அந்த அறிவு, நம் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாகவே இருக்க வேண்டியது.

வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் 1960களின் பிற்பகுதியில் இந்தப் பழைய முறையிலேயே ஒரு துப்பாக்கியைச் செய்துகாட்டினார். அது ஆவணப்படமாகப் பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல் நண்பர் அதை அவசியம் பார்க்க வேண்டும்.