காட்டிலிருந்து வந்த ஜெகந்நாதர்

ஒடிசாவின் கடலோர நகரமான பூரியில் உள்ள ஜெகந்நாதர் கோயிலின் மூலவர் வேப்ப மரத்தால் ஆனவர். அகன்ற வட்டக் கண்கள், விரல்கள் இல்லாத கட்டைக் கைகள். கால்களே கிடையாது. அண்ணன் பலபத்திரரும் தங்கை சுபத்திரையும், தூண் வடிவில் சுதர்சனமும் அவரோடு ஒரே பீடத்தில் வீற்றிருக்கிறார்கள். பத்ரிநாத், துவாரகை, ராமேசுவரம் ஆகியவற்றோடு நான்கு தாமங்களுள் ஒன்றாக எண்ணப்படும் பெருந்தலம் இது. அப்படிப்பட்ட தலத்தின் கருவறையில், சிற்ப சாஸ்திரம் வகுத்த அங்க இலக்கணம் எதற்கும் அடங்காத திருமேனி இருப்பது முதன்முறை வருபவரைத் திகைக்க வைக்கும். அதற்குத் தலபுராணம் ஒரு காரணம் சொல்கிறது.

ஸ்கந்த புராணத்தின் புருஷோத்தம மாகாத்மியமும் ஒடியா மரபும் சிற்சில வேறுபாடுகளுடன் சொல்லும் கதை இது. மாளவ நாட்டு மன்னன் இந்திரத்யும்னன், திருமால் நீலமாதவன் என்ற பெயரில் எங்கோ ஒரு காட்டில் மறைவாக வழிபடப்படுகிறார் என்று கேள்விப்படுகிறான். தேடிவர அனுப்பப்பட்டவர்களில் வித்யாபதி என்ற அந்தணன், சவரர் என்னும் வேட்டுவர் குடியின் தலைவன் விசுவாவசுவின் வீட்டை அடைகிறான். அவனுடைய மகள் லலிதையை மணக்கிறான். மாமனார் நாள்தோறும் விடியலில் தனியே காட்டுக்குள் போய் வருவதன் ரகசியம் அறிய மனைவியைத் தூது விடுகிறான். மகளின் வற்புறுத்தலுக்கு இணங்கிய விசுவாவசு, மருமகனின் கண்ணைக் கட்டி அழைத்துப் போகிறான். வித்யாபதியோ மடியில் மறைத்த கடுகை வழியெல்லாம் சிந்திக்கொண்டே போகிறான். மழை பெய்து கடுகு முளைத்ததும் காட்டுப்பாதை புலப்பட்டுவிடுகிறது.

செய்தி கேட்டு மன்னன் படைபரிவாரத்துடன் வந்து சேர்ந்தபோது, விசுவாவசு வழிபட்டுவந்த குகை வெறுமையாக இருந்தது. நீலமாதவன் மறைந்துவிட்டார். பட்டினி கிடந்து உயிர்விடத் துணிந்தவனுக்கு, கடலில் மரமாக மிதந்து வருவேன் என்று அசரீரி கேட்டது. கரை ஒதுங்கிய மரத்தை அரசனின் ஆட்களும் யானைகளும் இழுத்தும் அசைக்க முடியவில்லை. விசுவாவசு ஒருபுறமும் வித்யாபதி மறுபுறமும் பிடித்த பிறகுதான் அது நகர்ந்தது. எந்தத் தச்சனின் உளியும் அதில் ஏறவில்லை. முதிய தச்சனின் உருவில் விசுவகர்மா வந்து, 21 நாள் கதவைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு பூட்டிய அறைக்குள் வேலை தொடங்கினார். இடையில் ஓசை நின்றுபோகவே, கிழவருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிய அரசி குண்டிசா கதவைத் திறக்கச் செய்தாள். தச்சரைக் காணவில்லை. முடியாத நிலையில் திருமேனிகள் மட்டும் இருந்தன. இந்த வடிவிலேயே இருக்கப்போகிறேன் என்று இறைவன் சொன்னதாகக் கதை முடிகிறது. மன்னன் கேட்ட வரம் விசித்திரமானது: நாளை எவனும் இந்தக் கோயில் என் முன்னோர் கட்டியது என்று உரிமை கொண்டாடாதபடி, தனக்குச் சந்ததி வேண்டாம் என்றான்.

பிற தலபுராணங்களில் காட்டுக் குடியினர் ஒரு காட்சியில் வந்துவிட்டு மறைந்துபோவதுண்டு. பூரியில் அவர்கள் இன்றும் சேவைமுறையில் இருக்கிறார்கள் என்பதே இத்தலத்தின் தனிச்சிறப்பு. லலிதையின் வழிவந்தவர்கள் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் தைதாபதிகள், பதி மகாபாத்திரர் எனப்படும் வித்யாபதியின் அந்தணக் கால்வழியினருடன் சேர்ந்து, இறைவனின் உடலைத் தொட்டுச் செய்யும் அந்தரங்கப் பணிகளுக்கு உரிமை பெற்றவர்கள். சரளா தாசர் 15ஆம் நூற்றாண்டில் ஒடியாவில் இயற்றிய மகாபாரதம் உறவை இன்னும் நெருக்கமாக்குகிறது. ஜரா என்ற சவரனின் அம்பால் மாண்ட கிருஷ்ணனின் உடலில் நெருப்பு தின்னாமல் விட்ட பகுதிதான் பூரியில் மரமாகக் கரை ஒதுங்கியது என்கிறது அது. கொன்ற கையே வழிபடும் கையாகிறது.

வரலாற்றுக்கு வந்தால், இப்போதுள்ள பெருங்கோயிலை 12ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கியவர் கீழைக் கங்க மன்னர் அனந்தவர்மன் சோடகங்கன். அவருடைய பெயரிலேயே சோழம் இருக்கிறது. தாய் ராஜசுந்தரி சோழ இளவரசி. கலிங்கத்துப்பரணியில் கருணாகரத் தொண்டைமானின் படைக்குத் தோற்றோடும் கலிங்க வேந்தனும் இவரே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. பரணியைப் படித்து அந்த மன்னனை வெறும் தோல்விக்காரனாக மட்டும் நினைவில் வைத்திருக்கும் தமிழ் வாசகருக்கு, சுமார் 65 மீட்டர் உயர்ந்து நிற்கும் பூரி விமானம் அவருடைய மறுபக்கத்தைக் காட்டும். 13ஆம் நூற்றாண்டில் அவர் மரபில் வந்த மூன்றாம் அனங்கபீமன் ஒரு படி மேலே போய், நாட்டின் உண்மையான அரசர் ஜெகந்நாதரே, தான் அவருடைய பிரதிநிதி மட்டுமே என்று அறிவித்தார்.

அரசருக்கும் அரசரான இந்தக் கடவுள் ஆண்டுக்கு ஒருமுறை காய்ச்சலில் படுக்கிறார். ஆனி மாதத்தை ஒட்டிவரும் பௌர்ணமியில் மூவரையும் சுதர்சனத்தையும் வெளிமேடைக்கு எழுந்தருளச் செய்து 108 குடம் நீராட்டுகிறார்கள். இவ்வளவு நீரில் நனைந்தவருக்கு உடம்புக்கு முடியாமல் போகாதா? அனசரம் எனப்படும் அடுத்த பதினைந்து நாளும் தரிசனம் கிடையாது. சமைத்த நைவேத்தியம் நின்று பழங்கள் படைக்கப்படும். மூலிகை எண்ணெயும் மருந்து உருண்டையும் தயாராகும். இந்த நாட்களில் இறைவனைப் பேணும் பொறுப்பு தைதாபதிகளுடையது. நோயாளியைச் சொந்தக்காரர்கள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை பக்தர்கள் வணங்க, துணியில் தீட்டிய படங்கள் வைக்கப்படுகின்றன. ஒடிசாவின் பட்டச்சித்திரக் கலைஞர் குடும்பங்களுக்கு இது பரம்பரை உரிமை. நீராட்டில் வண்ணம் கரைந்த மரத்திருமேனியை மீண்டும் தீட்டிச் செப்பனிட இந்த இடைவெளி தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். தேவையும் பக்தியும் இங்கே ஒன்றையொன்று மறைக்கவில்லை.

மரம் என்றால் உளுத்துப்போகும். அதற்கும் இங்கே ஒரு முறை உண்டு: நவகளேவரம். ஆஷாட மாதம் இரட்டிக்கும் ஆண்டில், பெரும்பாலும் 12 அல்லது 19 ஆண்டு இடைவெளியில், திருமேனிகள் புதிதாகச் செய்யப்படுகின்றன. 1977, 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் அண்மைக்கால நவகளேவரங்கள் நடந்தன. தைதாபதிகள் உள்ளிட்ட குழுவினர் நடந்தே காகட்பூர் மங்களா கோயிலுக்குப் போய், தேவியின் உத்தரவு கேட்டு, சுற்றுப்புறத்தில் வேப்ப மரம் தேடுகிறார்கள். சங்கு, சக்கர அடையாளம் இருக்கவேண்டும், அருகே நீர்நிலையும் சுடுகாடும் வேண்டும், அடியில் புற்று இருக்கவேண்டும், பறவைக்கூடு இருக்கக்கூடாது என்று இலக்கணம் நீளும். புதிய திருமேனிகள் தயாரானதும், நள்ளிரவில் ஊர் விளக்குகள் அணைக்கப்பட, பழைய திருமேனியினுள் இருக்கும் பிரம்ம பதார்த்தம் என்னும் புனிதப் பொருளைத் தைதாபதி புதியதற்கு மாற்றுகிறார். அவர் கண்ணும் கட்டப்பட்டிருக்கும், கையும் துணியால் சுற்றப்பட்டிருக்கும். அன்று வித்யாபதிக்குக் கண்ணைக் கட்டிய குடி, இந்த ஒரு நேரத்தில் தன் கண்ணைக் கட்டிக்கொள்கிறது. பழைய திருமேனிகள் கோயில் வளாகத்திலேயே கோயிலி வைகுண்டத்தில் புதைக்கப்படும். தைதாபதிகள் தம் வீட்டுப் பெரியவர் இறந்ததுபோல் துக்கம் காத்துத் தலை மழித்துக்கொள்கிறார்கள். அழியாத பொருள் உடல் மாறிக்கொண்டே இருக்கிறது என்ற வேதாந்தக் கருத்துக்கு இவ்வளவு வெளிப்படையான சடங்கு வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காது.

கோயிலின் மடைப்பள்ளியும் புகழ்பெற்றது. விறகடுப்பில், மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைக்கிறார்கள். ஜெகந்நாதருக்குப் படைத்தது, வளாகத்திலேயே இருக்கும் விமலா தேவிக்கும் படைக்கப்பட்ட பின்புதான் மகாபிரசாதம் ஆகிறது. ஆனந்த பஜாரில் அதை வாங்கிச் சாதி பாராமல் ஒரே பானையிலிருந்து சேர்ந்துண்பது நெடுநாள் வழக்கம். எச்சில் என்ற விலக்கு மகாபிரசாதத்துக்கு இல்லை. இவ்வளவு தாராளமான கோயிலுக்குள் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களுக்கு இறைவனைக் காணும் பெரிய வாய்ப்பு ரத யாத்திரை.

காய்ச்சல் தீர்ந்தவர் ஊர்காண வெளியே வருகிறார். ஜெகந்நாதரின் நந்திகோஷத்துக்கு 16 சக்கரம், பலபத்திரரின் தாலத்வஜத்துக்கு 14, சுபத்திரையின் தர்ப்பதலனத்துக்கு 12. மூன்று தேர்களும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுபவை. அட்சய திருதியை அன்று வேலை தொடங்கும். புறப்படும் முன் பூரியின் கஜபதி மன்னர் தங்கப் பிடி போட்ட துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்குகிறார். இதையொட்டி ஒடியாக்கள் சொல்லும் கதையில் தமிழகமும் வருகிறது. துடைப்பம் பிடிப்பவனுக்குப் பெண் தரமாட்டேன் என்று காஞ்சி மன்னன் மறுக்க, 15ஆம் நூற்றாண்டு மன்னர் புருஷோத்தம தேவர் படையெடுத்தார். கருப்புக் குதிரையில் ஜெகந்நாதரும் வெள்ளைக் குதிரையில் பலபத்திரரும் அவருக்கு முன்னே போனார்கள். வழியில் மாணிக்கா என்ற தயிர்க்காரியிடம் வாங்கிக் குடித்துவிட்டு, காசுக்குப் பதில் மோதிரத்தைக் கொடுத்தார்கள். சிறைப்பட்டு வந்த இளவரசி பத்மாவதியை ஒரு பெருக்குபவனுக்கே கட்டிவைக்க ஆணையிட்டார் மன்னர். அமைச்சரோ தேர்த்திருநாள் வரை காத்திருந்து, துடைப்பத்தோடு நின்ற மன்னருக்கே அவளைக் கொடுத்தார். காஞ்சி அக்காலத்தில் விஜயநகர ஆட்சியில் இருந்தது என்ற வரலாற்றுச் சிக்கல் இந்தக் கதையின் செல்வாக்கைக் குறைக்கவில்லை.

தேர்கள் சுமார் 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குண்டிசா கோயிலுக்குப் போகும் பெருவீதியில், முகலாய அதிகாரியின் மகனாகப் பிறந்து ஜெகந்நாதரைப் பாடிய சாலபேகரின் சமாதி இருக்கிறது. நந்திகோஷம் அங்கே சற்று நின்றுவிட்டுப் போகும். வீட்டில் விடப்பட்ட லட்சுமி ஐந்தாம் நாள் கோபத்தோடு வந்து கணவரின் தேரில் ஒரு கட்டையை உடைத்துவிட்டுத் திரும்புகிறாள். யாத்திரை முடிந்து மூவரும் கோயில் வாசலை அடையும்போது அண்ணனையும் தங்கையையும் உள்ளே விட்டு, ஜெகந்நாதருக்கு மட்டும் கதவைச் சாத்துகிறாள். உள்ளே அவளுக்காக வாதாடுவது தேவதாசிகளின் மரபாக இருந்தது; வெளியே அவருக்காகத் தைதாபதிகள் வாதாடுகிறார்கள். கடைசியில் ரசகுல்லா கொடுத்துச் சமாதானம் ஆகிறது. ஜெகந்நாதர் ரத்தின சிம்மாசனத்தில் அமர்ந்ததும் தைதாபதிகளின் பொறுப்பு முடிந்து, அன்றாடப் பூஜை அந்தண அர்ச்சகர்களிடம் திரும்புகிறது.