கழிமுகத்துக் கொடுவா

ஐப்பசியில் மழை வலுத்தால் அடையாற்றின் முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணல்மேட்டை வெள்ளம் அறுத்துவிடும். ஆறும் கடலும் கலக்கும். மடவைக் குஞ்சும் இறாலும் ஓடும் நீரோடு இடம் மாறும். தூண்டில் போடுகிறவர்கள் கொடுவாவை நினைக்கும் காலம் அது.

பழவேற்காட்டிலிருந்து முட்டுக்காடு வரை நம் கழிமுகங்களுக்கு உரிய மீன் இது. ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்கிறார்கள். இரையை விரட்டி ஓடாது. பாலத்தூணோ பாறையோ தரும் நிழலில், நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்கும். மடவைக் குஞ்சு அருகில் வந்ததும் வாயை ஒரே நொடியில் அகலத் திறக்கும்; தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். அதனால் அடையாற்று முகத்துவாரத்தில் 1977இல் இடிந்த ‘உடைந்த பாலம்’ மாதிரியான இடங்களில், ஓதம் ஏறத் தொடங்கும்போதும் வற்றத் தொடங்கும்போதும் உயிர் இறாலை முள்ளில் கோத்துத் தூணை ஒட்டி விடுவது நல்லது. மாட்டிய கொடுவா தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும். செவுள் மூடியின் விளிம்பு கத்தி. மெல்லிய தூண்டில் நரம்பை அறுத்துவிடும், விரலையும் விடாது.

இதன் பெரிய வியப்பு வேறு. கொடுவா முதலில் ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தை நெருங்கும்போது பெண்ணாக மாறுகிறது. நன்னீரிலும் வளரும், ஆனால் முட்டையிட உப்புநீர் வேண்டும். அதற்காக முகத்துவாரத்துக்கு இறங்கி வரும். ஒரு பெரிய பெண்மீன் இடும் முட்டைகள் லட்சக்கணக்கில். சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் இந்தியாவில் முதன்முறையாகக் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. இன்று பண்ணைகளில் வளரும் குஞ்சுகளுக்கு அந்த வேலைதான் அடித்தளம். மயிலாப்பூரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இப்படியொரு சாதனை இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தம்.

ஆற்றில் மிஞ்சியிருக்கும் கொடுவாவுக்கோ பண்ணை இல்லை, அதன் தாய்தான் உண்டு. அந்தப் பெரிய தாய்களைக் காக்க, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 120 செ.மீ.க்கு மேற்பட்ட கொடுவாவைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. குழம்புக்கு இரண்டு கிலோ மீன் போதும். ஒரு மீட்டர் மீன் சிக்கினால், முள்ளைக் கழற்றி, ஈரக் கையால் வயிற்றைத் தாங்கி, மூச்சு சீராகும் வரை தண்ணீரில் நிறுத்தி விட்டுவிடுங்கள்.