மருத்துவ உரைபெயர்ப்பும் பலபொருள் ஒருசொல்லும்

எழுத்துவழி நிகழ்வதை மொழிபெயர்ப்பு என்றும் பேச்சுவழி நிகழ்வதை உரைபெயர்ப்பு என்றும் வேறுபடுத்தும் வழக்கு இலங்கைத் தமிழில் உண்டு. தமிழகத்தில் இரண்டும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு என்றே வழங்குகின்றன. இருமொழி அறிந்த எவரும் மருத்துவமனையில் இப்பணியை ஆற்றலாம் என்னும் எண்ணத்திற்கு இச்சொல்வழக்கும் துணைசெய்கிறது.

1980இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கியூபக் குடும்பத்தைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடன்வந்தோர் அவர் நிலையை ‘இன்டோக்சிகாடோ’ என்னும் ஸ்பானியச் சொல்லால் குறித்தனர். கியூப வழக்கில் அச்சொல், உண்டதோ பருகியதோ ஒவ்வாமல் உடல்நலம் கெட்டதைச் சுட்டும். மருத்துவரோ ஒலியொத்த ஆங்கிலச் சொல்லைக் கொண்டு, போதைப்பொருள் அளவுமீறியதாகப் பொருள்கொண்டார். உண்மையில் நிகழ்ந்தது மூளையினுள் இரத்தக்கசிவு. அது கண்டறியப்படுவதற்குள் இரண்டு நாள்களுக்குமேல் கழிந்தன. இளைஞரின் கைகால்கள் நான்கும் செயலிழந்தன. அவர் வாழ்நாள் முழுமைக்குமான இழப்பீடு ஏறத்தாழ 7.1 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது. ஒருவர் கூற்றை மற்றவர் புரிந்துகொண்டதாகவே இருதரப்பினரும் கருதியதால், உரைபெயர்ப்பாளரை எவரும் நாடவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது.

இச்சிக்கல் தமிழ் இலக்கணத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை, வினையால் பொருள் வேறுபடுவது, வேறுபடாதது என இருவகைப்படுத்துகிறது. ‘மா பூத்தது’ எனில் மரம் என்பது வினையால் விளங்கும். ‘மா வீழ்ந்தது’ எனில் மரமோ விலங்கோ என்பது விளங்காது. ஆங்குப் பொருளைக் கிளந்து கூறல் வேண்டும். ‘மயக்கம்’ என்னும் சொல்லை இவ்வாறே நோக்கலாம். ‘மயங்கி விழுந்தார்’ என்பதில் வினை பொருளை ஓரளவு வரையறுக்கிறது. ‘மயக்கமாக வருகிறது’ என்பதோ தலைசுற்றல், கண் இருளுதல், வெறும் சோர்வு ஆகிய மூன்றற்கும் இடந்தருகிறது. தலைசுற்றல் எனில் மருத்துவரின் ஆய்வு உட்செவியை நோக்கியும், நினைவு தப்புதல் எனில் இதயத்தை நோக்கியும் செல்லக்கூடும்.

பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் இத்தகைய இடத்தில் தாமாக ஒரு பொருளைத் தெரிவதில்லை. சொல் ஐயத்திற்குரியது என மருத்துவரிடம் அறிவித்து, நோயாளியையே கிளந்து கூறச் செய்கிறார். உறவினரோ தாம் அறிந்த பொருளை இட்டு நிரப்பிவிடுகின்றனர். நாணத்தாலும் அச்சத்தாலும் சிலவற்றை விடுத்துவிடுவதும் உண்டு. மகன் முன்னிலையில் தாய் தன் மாதவிடாய்க் கோளாற்றை எங்ஙனம் உரைப்பாள்? அவசர நிலை தவிர்த்துச் சிறாரை இப்பணியில் ஈடுபடுத்தலாகாது என அமெரிக்க நலவாழ்வுத் துறை 2016இல் விதித்தமை இதனாற்போலும்.

ஆஸ்திரேலிய அரசு 1973இலேயே தொலைபேசிவழி உரைபெயர்ப்பைத் தொடங்கிற்று. இன்று அங்குள்ள ஈழத்தமிழரும் அதனைப் பயன்கொள்கின்றனர். தமிழகத்திலோ நிலை தலைகீழ்: இங்குத் தமிழே மருத்துவரின் மொழி, ஒடியாவும் இந்தியும் வங்காளமும் நோயாளியின் மொழிகள். பணியிடத்தில் காயமுற்ற தொழிலாளியுடன் வரும் மேற்பார்வையாளரே உரைபெயர்ப்பவராகவும் அமைவதுண்டு. காயம் எவ்வாறு நேர்ந்தது என்னும் வினாவுக்கு, அவ்விடத்தின் பொறுப்பாளரே அப்போது தமிழில் விடை தருகிறார்.