ஊர் திரும்பிய குடும்பமும் மளிகைக் கணக்கும்

சென்னை, மும்பை, கோயமுத்தூர் முதலிய நகரங்களில் பல்லாண்டுகள் உழைத்த குடும்பங்கள், முதிய பெற்றோரைப் பேணும் பொருட்டோ, பட்டணத்து வாடகையைத் தாங்க இயலாமலோ, தாமிரவருணிக் கரையிலுள்ள தங்கள் ஊர்களுக்குத் திரும்பி வருவதைக் காண்கிறோம். முக்கூடலிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இத்தகைய குடும்பங்கள் உண்டு. கிராமத்திற்கு வந்துவிட்டால் செலவு பாதியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு வருகின்றனர். வாடகையைப் பொறுத்தவரை அது மெய்யாகலாம். மளிகைச் செலவோ தானாகக் குறைவதில்லை.

காரணம் எளிது. சிற்றூர்க் கடைக்காரர் சிறு அளவிலேயே சரக்குக் கொள்முதல் செய்கிறார். ஏற்றுக்கூலியும் வண்டிச் சத்தமும் அவர் விலையில் சேர்கின்றன. ஆதலால் தொலைவிலிருந்து வரும் பொருள்கள் கிராமத்தில் மலிவாக இரா. அருகில் விளையும் பொருள்களோ, அவற்றின் பருவத்தில் மிக மலிவாகக் கிடைக்கும். இவ்விரு வகையையும் பிரித்தறிந்து வாங்குவதே சிக்கனத்தின் முதற்பாடம்.

தொலைவுச் சரக்கு

துவரம் பருப்பு பெரும்பாலும் வெளி மாநிலங்களிலிருந்தும், பாமாயில் இந்தோனேசியா, மலேசியா முதலிய நாடுகளிலிருந்தும் நமக்கு வருகின்றன. நியாய விலைக் கடையில் மலிவு விலைக்கு வழங்கப்படுவனவும் இவையே. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும், சர்க்கரை பெரும்பாலான அட்டைகளுக்குக் கிலோ 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையே இல்லை. வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டால், ஒரு மாதப் பருப்பிலும் எண்ணெயிலும் மட்டுமே கணிசமான தொகை மிஞ்சும்.

புதிதாக வந்தோர் பலர் பழைய முகவரியிலுள்ள அட்டையை மாற்றாமல் மாதக்கணக்கில் இருந்துவிடுகின்றனர். வட்ட வழங்கல் அலுவலகத்திலோ, இணைய சேவை மையத்திலோ முகவரி மாற்றத்திற்கு உடனே விண்ணப்பித்தல் வேண்டும். 2020 அக்டோபர் முதல் அட்டைதாரர் எந்த ஊர்க் கடையிலும் தம் அரிசியைப் பெற வழியுண்டு. ஆகவே மாற்றம் முடியும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. குறையிருப்பின் 1967 என்ற தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம்.

அருகில் விளைவன

நமது பள்ளத்தாக்கில் கார், பிசானம் என இருபோகம் நெல் விளைகிறது. பிசான அறுவடை முடியும் மாசி, பங்குனி மாதங்களில் வயல்காரரிடமே நெல் வாங்கி அரைப்போர், ஆண்டு முழுவதும் விலையேற்றத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை. 100 கிலோ நெல்லிலிருந்து ஏறத்தாழ 65 கிலோ அரிசி காணும். அரவைக் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டு, கடை விலையோடு ஒப்பிட்ட பின்னரே வாங்குதல் நன்று. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16 என்னும் குட்டைப் பருமன் அரிசி, சோற்றுக்கும் இட்டிலிக்கும் ஒருங்கே ஏற்றது.

புதுப்புளியும், விளாத்திகுளம் வட்டாரத்து மிளகாய் வற்றலும், மல்லியும் மாசி முதல் சித்திரை வரை சந்தைக்கு வரும். ஆண்டுத் தேவையை அப்போது வாங்கி, நன்கு காயவைத்து, புளியைக் கொட்டை நீக்கி உப்பிட்டு மண்பானையில் அடைத்துவைப்பது நம் மூதாட்டியர் கண்ட முறை. மார்கழி, தையில் சிறுகிழங்கு, கோடையில் முருங்கை, ஆற்றுப்பாசனத் தோட்டங்களிலிருந்து வாழைக்காய், தண்டு, பூ என்று பருவத்தை ஒட்டிச் சமைத்தால் காய்கறிச் செலவு குறையும். பட்டணத்தில் பழகிய கோசையும் காரட்டையும் நாள்தோறும் தேடினால் அச்செலவு ஏறவே செய்யும். 40 ரூபாய் மிச்சத்திற்காக 60 ரூபாய் பேருந்துக் கட்டணம் கொடுத்து நகரச் சந்தைக்குச் செல்வதும் வீண். அவ்வாறு செல்வதாயின் இரண்டு மூன்று வீட்டார் கூடி, ஒருவரை அனுப்புவது தக்கது.

பற்றுக் கணக்கின் வட்டி

இவை யாவினும் பெரிய கசிவு ஒன்று உண்டு. பீடி சுற்றுவோர்க்குக் கூலி வாரக் கணக்கில் வருகிறது. நெசவாளிக்குத் துணியை ஒப்படைத்தால்தான் கூலி. விவசாயிக்கோ அறுவடையில் மட்டுமே பணம் வருகிறது. அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டும். இந்த இடைவெளியைக் கடைப் பற்று நிரப்புகிறது. முகம் பார்த்துக் கொடுக்கும் கடைக்காரரின் உதவியை நாம் குறை கூறவில்லை. அதன் விலையை அறிந்திருத்தல் நலம் என்பதே நம் கருத்து.

பற்றுக்குக் கொடுக்கும் சரக்கில் ரூபாய்க்கு 5 பைசா கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4,000 ரூபாய்ச் சரக்கிற்கு 200 ரூபாய். ஆண்டிற்கு 2,400 ரூபாய். மாதம் முழுவதும் சிறிது சிறிதாக வாங்கி, மாத முடிவில் தீர்ப்பதால், சராசரியாகக் கடன் நிற்பது 15 நாள்களே. 15 நாளைக்கு நூற்றுக்கு 5 என்றால், ஆண்டிற்கு நூற்றுக்கு 120 வட்டி ஆகிறது! நமது சங்கம் இந்த வட்டிக்குக் கடன் கொடுத்தால் பொதுக்குழுவில் நாம் வாளாவிருப்போமா?

இதிலிருந்து மீள வழி, ஒரே ஒரு மாதச் செலவுக்கான தொகையை முன்கூட்டிச் சேர்ப்பதுதான். வாரந்தோறும் சிறு தொகையை ஒதுக்கி, முதலில் எண்ணெயை ரொக்கத்திற்கு வாங்குக. பிறகு பருப்பு, பிறகு மற்றவை எனப் பற்றைச் சுருக்குக. அதுவரை பற்றுப் புத்தகம் வீட்டிலும் ஒன்று இருத்தல் அவசியம். வாங்கிய அன்றே எடை, விலை இரண்டையும் அதில் எழுதுக. சிறு பொட்டலத்தையும் பெரிய பொட்டலத்தையும் 100 கிராமுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்து வாங்குக.

கூடி வாங்குதல்

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு நகரில் 1844 டிசம்பர் 21ஆம் நாள் 28 பேர் கூடி ஒரு கடை திறந்தனர். அவர்களில் நெசவாளரும் இருந்தனர். மாவு, சர்க்கரை, வெண்ணெய் முதலியவையே அவர்கள் சரக்கு. கலப்படமற்ற பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை, வாங்கிய அளவிற்கேற்ப இலாபப் பங்கு ஆகியவையே அவர்கள் விதிகள். நம் நாட்டில் 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலையும் இவ்வழியில் நடந்ததே.

புதிய பண்டகசாலை திறக்க இயலாத ஊரிலும் பத்துக் குடும்பங்கள் ஒரு மூட்டைப் பருப்பையும் ஒரு டின் எண்ணெயையும் சேர்ந்து வாங்கிப் பகிரலாம். நம் அங்கத்தினருள் விளைவிப்போரும் உளர். வாங்கி உண்போரும் உளர். ஊர் திரும்பிய குடும்பத்திற்கு நெல் தேவை. வயல்காரருக்கு நல்ல விலை தேவை. இருவரையும் சந்திக்கச் செய்வது சங்கத்தின் கடமை. வரும் பிசான அறுவடைக்கு முன்னரே, யாருக்கு எவ்வளவு நெல் வேண்டும் என்ற பட்டியலை ஒவ்வொரு சங்கமும் தயாரிக்குமாயின், புதிதாய் வந்தோர் பற்றுப் புத்தகத்தைத் தொடங்காமலே தம் வாழ்வைத் தொடங்குவர்.